வாழைக்காய் பஜ்ஜி சொன்ன சாட்சி

போன வாரம் திருவாரூரில் ஒரு நிச்சயதார்த்தம். மண்டபத்து வாசலில் செருப்பை விடும்போதே எண்ணெய் வாசனை வந்துவிட்டது. காய்ந்த எண்ணெயில் கடலைமாவு விழுந்ததும் ஒரு வாசனை எழும்பும் பாருங்கள், அது மூக்கில் ஏறினால் எனக்கு என் வயது மறந்துபோகும். தட்டு வந்தது. ஒரு கரண்டி கேசரி, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி, தேங்காய்ச் சட்னி. இரண்டாவது பஜ்ஜியில் கை வைப்பதற்குள் என் மனைவி கமலா தட்டைத் தன் பக்கம் நகர்த்திவிட்டாள். பரிமாற வந்தவரிடம், "இவருக்குப் போதுங்க. இவரு பங்க அந்தக் காலத்துலயே எங்க வீட்டுல முடிச்சிட்டாரு" என்றாள். சுற்றியிருந்த சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும் ஒன்றும் புரியாமல் பார்த்தது. அவர்களுக்குச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது நான் மன்னார்குடியில் ஹமீது பாயின் உரக்கடையில் வேலையில் இருந்தேன். வேலை என்றால் கல்லாவில் உட்காருகிற வேலை இல்லை. பயிரில் பூச்சி விழுந்தால் போய்ப் பார்த்து, என்ன மருந்து, எவ்வளவு தண்ணீரில் கலப்பது என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பாய் ஒரு மொபெட் கொடுத்திருந்தார். அதற்கு என்னைவிட வயது அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நெல்லில் விழுகிற புகையான் பூச்சிக்கு மத்தியானம் என்றும் தெரியாது, சாப்பாட்டு நேரம் என்றும் தெரியாது. விடிந்தால் கடை வாசலில் யாராவது ஒருவர் வேரோடு பிடுங்கிய நெல்தூரைக் கையில் பிடித்தபடி, ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கி வந்தவர் மாதிரி நிற்பார். கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருக்கும்.

சாப்பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை, ஏற்பாடெல்லாம் பலமாகத்தான் இருந்தது. கடைக்கு நாலு வீடு தள்ளி செல்லையா அண்ணன் மெஸ். மூன்று வேளைக்கும் மாதச் சாப்பாடு எழுதி வைத்திருந்தேன். செல்லையா அண்ணனின் வத்தக்குழம்புக்குத் தஞ்சாவூரிலிருந்தே ஆள் வரும் என்பார்கள். வந்தார்களோ என்னவோ, நாலு வீடு தள்ளியிருந்த நான் போகவில்லை. காலையில் ஒரு டீ. பதினோரு மணி வாக்கில் எந்த ஊர் டீக்கடையோ அங்கே ஒரு டீ, ஒரு மசால் வடை. சாயங்காலம் இன்னொரு டீ. ராத்திரி மெஸ் மூடிய பிறகு வருவேன், பன்னை டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுப்பேன். வயிறு எரியும். அதற்கும் ஒரு மாத்திரை வைத்திருந்தேன், சாக்பீஸ் தின்கிற மாதிரி இருக்கும். இளவட்டத்தில் இதெல்லாம் ஒரு பெருமை. சோற்றுக்கு அலைகிறவன் நான் இல்லை என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் ஒருவரைப் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்பார்கள். கேட்பது உண்மைதான், ஆனால் பதில் ஒன்றே ஒன்றுதான்: ஆச்சு. சாப்பிட்டவனும் ஆச்சு என்பான், சாப்பிடாதவனும் ஆச்சு என்பான். 'இல்லை' என்று வாய் தவறிச் சொன்னால் தீர்ந்தது, அந்த வீட்டு அம்மா பாதி வேலையைப் போட்டுவிட்டு உலை வைக்கப் போய்விடுவார். வயலைப் பார்க்க வந்தவன் அடுப்பைப் பற்றவைக்க விடலாமா? அதனால் நான் ஊர் ஊராக ஆச்சு, ஆச்சு என்று சொல்லிக்கொண்டு போனேன். பசியில் கண் இருட்டிக்கொண்டு வரும், வாய் மட்டும் ஆச்சு என்று சொல்லும்.

இப்படி இருக்கும்போதுதான் பாய் எனக்குப் பெண் பார்த்தார். அவருடைய பழைய வாடிக்கையாளர் ராமலிங்கம் என்கிற விவசாயி, திருத்துறைப்பூண்டிப் பக்கம். அவருக்குக் கமலா என்று ஒரு பெண். பாய் நாகூர்க்காரர், பேச்சில் அத்தர் வாசனை அடிக்கும். "பையன் சொக்கத் தங்கம், பீடி சிகரெட் கெடையாது, பேசக்கூடத் தெரியாது" என்று என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். கடைசியில் சொன்னது எந்தக் கணக்கில் நல்ல குணமோ எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெண் பார்க்கப் போகிற நாள். வேதாரண்யத்திலிருந்து அம்மாவும் மாமாவும் நேராகத் திருத்துறைப்பூண்டிக்கு வந்துவிட்டார்கள். நான் காலையில் கோட்டூர்ப் பக்கம் ஒரு வயலில் மாட்டிக்கொண்டு, சேற்றுக் காலை வாய்க்காலில் கழுவிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் ராத்திரிப் பன்னுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. வாசலிலேயே அம்மா என் காதில் ஓதினாள்: தட்டில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு மீதியை வைத்துவிட வேண்டும், அதுதான் மரியாதை, அலைந்த குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. நானும் தலையாட்டினேன்.

அப்புறம் பஜ்ஜி வந்தது. சுடச்சுட. மேல்மாவு மொறுமொறுவென்று, உள்ளே வாழைக்காய் வெண்ணெயாக. கொண்டு வந்து வைத்தவள்தான் கமலா என்பது முதல் தட்டு காலியான பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாவது தட்டு வைக்கும்போது நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். பிடித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் ரெண்டு உள்ளே போயிற்று. அம்மா தன் தட்டில் மரியாதைக்காக மீதி வைத்திருந்ததையும் நான் எடுத்துக்கொண்டேன். மாமாவின் தட்டுப் பக்கம் கை போனபோது அம்மா என் தொடையில் கிள்ளினாள். மொத்தம் எத்தனை என்பதில் எனக்கும் கமலாவுக்கும் இன்றைக்கு வரை கணக்கு ஒத்துப்போனதில்லை. வருஷா வருஷம் அவள் கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.

வேதாரண்யம் பஸ்ஸில் ஏற்றிவிடும் வரை அம்மா திட்டினாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. மொபெட்கூட அன்றைக்கு ஒழுங்காக ஓடியது.

பெண்ணைப் பார்த்தாயிற்று, இனி மாப்பிள்ளையை விசாரிக்க வேண்டும். அந்த நாளில் அது ஒரு தனி வேலை. ஆள் எங்கே சாப்பிடுகிறான், எங்கே முடி வெட்டிக்கொள்கிறான், எந்த டீக்கடையில் உட்காருகிறான் என்று பெண் வீட்டார் தாங்களே பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள். மெஸ்ஸில் விசாரித்தால் மனுஷனின் மொத்த யோக்கியதையும் தெரிந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. ராமலிங்கம் ஒரு மத்தியானம் செல்லையா அண்ணன் மெஸ்ஸில் வந்து இலை போட்டு உட்கார்ந்துவிட்டார். ரசத்துக்கு வரும்போது பேச்சுவாக்கில் என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். செல்லையா அண்ணனுக்கு என் மேல் ஏற்கனவே மனத்தாங்கல். தன் சாப்பாட்டை ஒருவன் வேளை வேளைக்குப் புறக்கணித்தால் எந்தச் சமையல்காரருக்குத்தான் பொறுக்கும்? "அவரா? பேருதான் இங்க இருக்கு. அவரு எலையில ஈ கூட உக்காந்ததில்ல" என்று கொட்டித் தீர்த்துவிட்டார்.

ராமலிங்கம் அதோடு விடவில்லை. நான் வழக்கமாகப் போகிற ஊர்கள் சிலவற்றுக்குப் போய் அங்கும் விசாரித்திருக்கிறார். அங்கே எனக்கு ஏக நல்ல பெயர். தங்கமான பிள்ளை, எந்த வீட்டிலும் கை நனைக்க மாட்டார், எப்போது கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்றுதான் சொல்வார் என்று ஆளாளுக்குச் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். ஒரு டீக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், வயிறு நிறைந்த மனுஷன், ஒரு வடைக்கு மேல் தொட மாட்டார் என்று சொல்லியிருக்கிறார்.

இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மெஸ்ஸில் இவன் சாப்பிடுவதில்லை. ஆனால் எந்த நேரம் கேட்டாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் இருக்கிறான். அப்படியானால் எங்கே சாப்பிடுகிறான்?

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். நான் பின்கட்டில் யூரியா மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது. பாயின் மேஜைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. பையனுக்கு எங்கயோ ஒரு அடுப்பு எரியுது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த மூட்டை காலில் விழுந்தது. சத்தம் போட முடியாது, வாயைப் பொத்திக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றேன். முன்னால் பாய் எனக்காக மன்றாடினார். நாகூர் ஆண்டவர் பேரில் சத்தியம் செய்தார். ராமலிங்கம் அவர் பாட்டுக்கு ஒன்றையே சொன்னார்: மனுஷன் சோறு தின்னாமல் இருக்க முடியாது, இங்கே தின்னவில்லை என்றால் வேறு எங்கோ ஒருத்தி போடுகிறாள், என் பெண்ணை இரண்டாம் இலைக்கு உட்கார வைக்க மாட்டேன். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

பாய் பின்கட்டுக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தினம் தினம் அவர் சாப்பிட்டியா என்று கேட்டபோதும் நான் ஆச்சு பாய் என்றுதானே சொல்லியிருக்கிறேன்?

"உண்மையச் சொல்லு. எங்க சாப்பிடுற?"

"எங்கயும் சாப்பிடல பாய்."

"மனுசன் நம்புற மாதிரி ஒண்ணு சொல்லு."

என்னத்தைச் சொல்வது? சாப்பிட்டதற்குச் சாட்சி கொண்டுவரலாம். சாப்பிடாததற்கு எங்கே போய் ஆள் பிடிப்பது? அன்று ராத்திரி பன்னும் இறங்கவில்லை. பட்டினி கிடந்ததற்காகக் கல்யாணம் நின்றுபோன ஒரே ஆண்மகன் இந்தக் காவிரிக் கரையில் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். வேடிக்கையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அந்த நாட்களில் எனக்கு அழுகையே வந்தது. அந்தப் பெண்ணின் முகம் கண்ணைவிட்டு அகலவில்லை. வயலில் நின்று இலைச்சுருட்டுப் புழுவுக்குக் குருத்துப்பூச்சி மருந்தைச் சொல்லிவிட்டு, பாதி தூரம் வந்த பிறகு திரும்பி ஓடினேன்.

என்னைக் காப்பாற்றியது கமலாதான். பின்னால் என் மாமியார் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். ராமலிங்கம் வீட்டுக்குப் போய், இந்த இடம் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லியிருக்கிறார். அப்பா எதிரில் அதிகம் பேசாத பெண் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கிறாள்.

"வேற எடத்துல வயிறாரச் சாப்பிடுறவரு, பொண்ணு பாக்க வந்த எடத்துல அம்மா தட்டுலேருந்து எடுத்துச் சாப்பிடுவாராப்பா? அவருக்குச் சோறு போட எங்கயும் ஆளு இல்லப்பா."

ராமலிங்கம் கொல்லைப் பக்கம் போய் நின்றாராம். வெகு நேரம் கழித்து உள்ளே வந்து, நாளைக்கு மன்னார்குடி போகிறேன் என்று மட்டும் சொன்னாராம்.

வந்தார். கடைக்குள் நுழைந்ததும் என்னைப் பார்த்து, கிளம்புங்க தம்பி என்றார். எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கோ பாய்க்கோ இல்லை. நேராகக் கடைத்தெருவில் இருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னைப் படுக்க வைத்துவிட்டு, காலையில் சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பழக்க தோஷம், "ஆச்சு டாக்டர்" என்றேன். ராமலிங்கம் என்னைப் பார்த்த பார்வையில் திருத்திக்கொண்டு, டீ என்றேன். டாக்டர் தொப்புளுக்கு மேலே ஒரு இடத்தில் விரலை வைத்து அழுத்தினார். நான் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார், இந்த ஆள் ஒழுங்காகச் சாப்பிட்டுப் பல மாதம் இருக்கும், குடல் புண்ணாகிவிட்டது, இப்படியே விட்டால் ஓட்டை விழுந்துவிடும் என்று. ராமலிங்கத்தின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தன் பிள்ளை பரீட்சையில் தேறிய செய்தி கேட்டவர் மாதிரி டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைக்குத் திரும்பி வந்து படியேறும்போதே, "பாய், புண்ணு இருக்கு. பையன் யோக்கியன்" என்றார். பாய் இரண்டு கையையும் மேலே தூக்கி நன்றி சொன்னார். ஒருவன் வயிற்றில் புண் இருப்பதற்கு இரண்டு பெரிய மனிதர்கள் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

சந்தோஷம் அடங்கிய பிறகு அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அப்போது முகம் மாறியிருந்தது. அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற காலத்தில் நாள் முழுக்க மதகிலேயே நிற்பாராம், சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்பாராம். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தவரைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"வடுவூர் தாண்டல தம்பி. என் மடியிலதான் போனாரு" என்றார். "ஒரு மணின்னா ஒரு மணிக்கு எலையில உக்காரணும். அத மட்டும் செஞ்சீங்கன்னா என் பொண்ணத் தரேன். வேற ஒண்ணும் வேணாம்."

உட்கார்ந்தேன். செல்லையா அண்ணன் முதல் நாள் என்னை நம்பவில்லை, விருந்தாளியைக் கூட்டி வந்திருக்கிறேனா என்று பின்னால் எட்டிப் பார்த்தார். அந்த வத்தக்குழம்பைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்கள் சொன்னது பொய்யில்லை. விவசாயிகளிடம் ஒரு மணிக்கு மேல்தான் வருவேன் என்று சொல்லப் பழகினேன். புகையான் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. தை மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் பஜ்ஜி போட்டார்கள், என் இலைக்கு மட்டும் ஒரு தாம்பாளத்தில் வந்தது.

கல்யாணத்துக்குப் பிறகும் ராமலிங்கம் மாமா என்னை விட்டபாடில்லை. அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் ஒரு டெலிபோன் பூத் இருந்தது. தன் சாப்பாட்டை முடித்துக் கை ஈரம் காய்வதற்குள் அங்கே போய்க் கடைக்குப் போன் போடுவார். பாய் எடுப்பார். மாப்பிள்ளை சாப்பிட்டாரா, என்ன குழம்பு, என்ன பொரியல்? நான் ஆச்சு என்றால் போதாது, ரசம் என்ன ரசம் என்பது வரை சொல்ல வேண்டும். அப்புறம், பாய் நீங்க? போன் எடுக்கிற பாவத்துக்குப் பாயும் ஒரு மணிக்குச் சாப்பிட ஆரம்பித்தார், அவர் சாப்பிடுவதால் கடையில் எல்லோரும் சாப்பிட்டார்கள். ரம்ஜான் மாதத்தில் பாய் நோன்பு என்று சொன்னால், சரி, அப்ப சாயங்காலம் கேக்குறேன் என்று வைத்துவிடுவார். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் போன் வரும், கஞ்சி குடிச்சாச்சா என்று. பாய் தலையில் அடித்துக்கொள்வார், ஆனால் மணி அடித்தால் வேறு யாரையும் எடுக்க விடமாட்டார்.

செல்லையா அண்ணன் மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பாய் மௌத்தான பிறகு அவருடைய பிள்ளைகள் துபாய் போய்விட்டார்கள், கடை இல்லை. மாமாவும் நல்ல வயது இருந்துதான் போனார். கடைசி நாள்கூட ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான்.

அவருடைய கருமாதி அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மச்சினன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான். வாய்க்கால் கரையில் காரியம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். கூடத்தில் மாமா படத்துக்கு முன்னால் படையல் போட வேண்டும், அதற்கு ஐயர் வர வேண்டும். அவருக்கு வேறு ஊரில் இன்னொரு வீட்டில் வேலை, வழியில் வண்டி வேறு மக்கர். சமையல் ஆகி மூடி வைத்திருந்தது. பெரியவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழவில்லை, அழுது முடித்திருந்தார்கள்.

சுவர்க் கடிகாரம் ஒரு மணி அடித்தது. கமலா அடுப்படியிலிருந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. படத்துக்கு முன்னால் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள், சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். ஒரு பெரியவர், ஐயர் வரலியேம்மா, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல என்றார்.

"ஐயர் வரும்போது வரட்டும். அப்பா ஒரு மணிக்கு மேல தாங்க மாட்டாரு."

மச்சினன் குலுங்கிக் குலுங்கி அழுதான். கமலா இன்னொரு இலையை எடுத்து வந்து படத்துப் பக்கத்திலேயே போட்டாள். என்னைப் பார்த்து, நீங்க உக்காருங்க என்றாள். படைத்துக் கற்பூரம் காட்டுவதற்கு முன்னால் சாப்பிடக் கூடாதுதான். உட்கார்ந்தேன். முழுதும் சாப்பிட்டேன். என்ன ரசம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். மிளகு ரசம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர் பக்கத்து இலையில் இருந்தார். இப்போது நான் சாப்பிட்டேனா இல்லையா என்று பஸ் ஏறி வந்து விசாரித்துப் பார்க்க ஒருவரும் இல்லை.